கரையின் சொல்லைக் கொண்டுபோன அண்ணாவுக்கு

என் அன்புக்கும் என் கோபத்துக்கும் ஒரேயளவு உரித்தான அண்ணா,

உங்கள் ஆண்டுத் திவசத்துக்குக் கடற்றொழிலாளர் சங்கம் ஒரு சிறிய நினைவு மலர் அடிக்கிறது. செயலாளர் நசீர் நானா வந்து, பள்ளிக்கூட அதிபரைக் கொண்டு உங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவிக்கலாம் என்றார். அதிபர் நன்றாகத்தான் எழுதுவார். ஆனால் அவருக்கு உங்களோடு சண்டை பிடித்துப் பழக்கமில்லையே. நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே இதை ஊர் முழுக்க வாசிக்கும். நீங்கள் கூச்சப்படுவீர்கள் என்று தெரியும். படுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணி சுகமாக இருக்கிறா. நெளுக்குளத்தில் மகள் வீட்டில் கொஞ்ச நாள், இங்கே என்னோடு கொஞ்ச நாள். உங்கள் மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது. பெண் பிள்ளை, உங்கள் காது. என் மகன் குகன் படகுக்கு வேறு இயந்திரம் பூட்டியிருக்கிறான். வாடைக்காற்று இம்முறை பிந்தித்தான் தொடங்கியது. அதனால் சூடை மீன் நன்றாகப் பட்டது. கருவாடு போட இடமில்லாமல் உங்கள் மீன்வாடியின் முற்றத்தையும் நான் பிடித்துக்கொண்டேன். கேட்க ஆளில்லை என்ற துணிவுதான்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஆனால் உங்களை அறியாத பிள்ளைகளும் இந்த மலரைக் கையில் எடுப்பார்கள். அவர்களுக்காக நான் தொடக்கத்திலிருந்து சொல்லவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, என் அண்ணா முல்லைத்தீவுக் கரையில் ஒரு சாதாரணப் படகுக்காரர். சங்கத்துக்குத் தலைவராக அவரை ஊர் திரும்பத் திரும்பத் தெரிவு செய்தது. எந்தக் கட்சியிலும் அவர் இல்லை. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரரும் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். எல்லாருக்கும் பால் விடாத பிளேன்ரீ கிடைக்கும். வேறொன்றும் கிடைக்காது.

அந்தக் காலத்தில் எங்கள் கவலையெல்லாம் இழுவைப் படகுகள்தான். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து எல்லை தாண்டி வந்து, வடக்கைச் சுற்றி எங்கள் கடல் வரைக்கும் வந்துவிடும். கடலின் அடியை வாரி இழுத்துக்கொண்டு போகும்போது, வழியில் கிடக்கும் எங்கள் வலைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். விடிந்து போய்ப் பார்த்தால் கயிறும் மிதவையும் மிஞ்சும்.

இதில் என்ன கொடுமை என்றால், வருபவர்களும் தமிழர். போர்க்காலத்தில் எங்களுக்காக அழுத கரை அது. அகதியாய்ப் போன எங்கள் சனத்துக்குச் சோறு போட்ட கரை. இங்கே அவர்களைத் தடுத்துப் பிடிப்பது கடற்படை. அந்தச் சீருடையைக் கண்டால் இப்போதும் நான் வழி மாறி நடப்பேன். போரின் கடைசியில் என் கணவரை இழந்தது எந்தக் கரையில், எந்த மாதத்தில் என்று இந்த ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. இழுவைப் படகு பிடிபட்டது என்று செய்தி வந்தால் நாங்கள் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா? அண்ணா, நீங்களும் அதற்குப் பதில் சொன்னதில்லை. ஒருமுறை மட்டும் சொன்னீர்கள்:

"ஆர் பிடிக்கினம் எண்டதைப் பாராதை. பிடிக்கத் தேவையில்லாத நாள் வாறதுக்கு என்ன வழி எண்டு பார்."

அங்கே தேர்தல் மேடையில், "எங்கள் மீனவரைச் சிறைமீட்போம்" என்பார்கள். இங்கே தேர்தல் மேடையில், "ஒரு படகும் உள்ளே வராது" என்பார்கள். நான் வானொலியை நிறுத்திவிட்டுத் திட்டுவேன். நீங்கள் சிரிப்பீர்கள். வாக்குக் கேட்பவர்கள் அப்படித்தான் பேசவேண்டும், அந்தப் பேச்சைக் கேட்டுக் கோபப்படுவதை விட்டுவிட்டு, வாக்கு எண்ணி முடிந்த பிறகு யாரை எங்கே அனுப்புகிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்பீர்கள். அப்போது எனக்கு அது சும்மா பொறுமைக்காரரின் கதையாகப் பட்டது.

பிறகு அந்த ஆண்டு, தொழிலின் நல்ல மாதத்தில், ஒரே கிழமைக்குள் கரையில் பாதிப் பேரின் வலை போயிற்று. என் வலையும் போயிற்று. குகன் வெறும் படகோடு வந்து இறங்கி, மணலில் குந்தியிருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஊர் கொதித்தது. அகப்பட்ட இழுவைப் படகைக் கொளுத்துவோம் என்று கதைத்தவர்கள் இருந்தார்கள். நீங்கள் அவர்களைத் தடுத்து, எல்லாரையும் கூட்டிக்கொண்டு மாவட்டச் செயலகமான கச்சேரியின் வாசலில் கறுப்புக்கொடியோடு உட்கார்ந்தீர்கள். பெண்கள் சமையல் பானையோடு வந்து அங்கேயே உலை வைத்தோம். பத்திரிகைகள் எழுதின. கொழும்பில் கேள்வி எழுந்தது. அக்கரைத் தமிழ்நாட்டிலும் எழுந்தது. இரண்டு அரசாங்கங்களும் பேசுவதற்கு இணங்கின. அதிகாரிகளோடு மீனவர் பிரதிநிதிகளும் போகலாம் என்றார்கள்.

அப்படித்தான் நீங்களும் நசீர் நானாவும் வேறு சில சங்கத் தலைவர்களும் அக்கரைக்குப் போனீர்கள்.

அங்கே நடந்ததை நீங்கள் வந்து பொதுநோக்கு மண்டபத்தில் சொன்னபோது நாங்கள் எல்லாரும் இருந்தோம். அதிகாரிகளுக்கு ஒரு மண்டபம், மீனவர்களுக்கு இன்னொரு மண்டபம். எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அக்கரைச் சங்கத் தலைவர் மரியதாஸ் என்பவர் எழுந்து, நாம் எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள் என்று தொடங்கினாராம். நீங்கள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "ஒரு தாய் பிள்ளையள்தான் அண்ணை. அதுதான் வலையைப் பற்றி உங்களிட்ட நேர கேக்கலாம் எண்டு வந்தனான்" என்றீர்களாம். முதலில் சிரித்தவர் அவர்தானாம்.

கடைசியில் அவர்கள் ஒரு யோசனை வைத்தார்கள். சில வருடங்களுக்கு, வாரத்தில் சில நாட்கள் மட்டும் இழுவைப் படகுகள் எங்கள் கடலின் வெளிப்பகுதிக்கு வரலாம். கரையோரம் வரக்கூடாது. மற்ற நாட்களில் அறவே வரக்கூடாது. அந்தத் தவணைக்குள் அவர்கள் ஆழ்கடல் தொழிலுக்கு மாறிவிடுவார்கள். அதன்பிறகு முற்றாக நிறுத்தம்.

இரண்டு அரசாங்கங்களுக்கும் அது பிடித்திருந்தது. ஒரு நாட்டுத் தலைவர் மற்ற நாட்டுக்குப் போகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு நல்ல செய்தியோடு போகவேண்டும் என்ற அவசரம் இரண்டு பக்கத்திலும் இருந்தது. எங்கள் பக்கத்து மூத்த அதிகாரி ஒருவர் உங்களைத் தனியே கூப்பிட்டு, இப்போது ஓம் என்று சொல்லிவிடுங்கள், ஊருக்குப் போய்ப் பிறகு விளங்கப்படுத்தலாம் என்றாராம். நீங்கள் அவரோடு வாதாடவில்லை. ஊர் என்னைக் கேட்டுவரச் சொல்லித்தான் அனுப்பியது, கொடுத்துவரச் சொல்லவில்லை, நான் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னீர்களாம். இது நசீர் நானா எனக்குச் சொன்னது. நீங்கள் உங்களைப் பற்றிய எதையும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

ஆனால் மண்டபத்தில் உங்கள் மனதை நீங்கள் மறைக்கவில்லை. இந்த யோசனையை ஏற்கலாம் என்றுதான் சொன்னீர்கள். ஒரு முடிவுத் திகதி கிடைக்கிறது, அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம், இரண்டு நாடுகள் கையெழுத்து வைத்த திகதி எங்களுக்கு இதுவரை ஒருநாளும் கிடைத்ததில்லை என்றீர்கள். தலைவர் சொன்னால் அதுதான் என்று தலையாட்டத் தயாராக இருந்தவர்கள் நிறையப் பேர்.

நான் எழும்பினேன். எழும்பும்போது அண்ணி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது உங்களுக்குத் தெரியுமா?

"அண்ணா, இண்டைக்கு அவை வாறது களவு. நாங்கள் ஓம் எண்டு சொன்னால் நாளைக்கு அது உரிமை" என்றேன். "தவணை முடிஞ்ச பிறகும் அவை வந்தால் ஆரிட்டப் போய் நிக்கிறது? இண்டைக்குக் கையெழுத்து வைக்கிற மந்திரி அண்டைக்கு மந்திரியா இருப்பாரோ?"

"களவு, களவு எண்டு சொல்லி எத்தினை வலையை நாங்கள் மிச்சம் பிடிச்சனாங்கள், பவளம்?" என்று கேட்டீர்கள். உங்கள் குரல் உயரவில்லை.

"ஒண்டையும் பிடிக்கேல்லை. ஆனால் களவெண்டு சொல்லுற வாயாவது மிச்சம் இருக்கு. அதையும் குடுத்திட்டால் பிறகு என்ன சொல்லிப் பேசப் போறது?"

அதன்பிறகு மற்றவர்களும் எழும்பினார்கள். உங்கள் பக்கம் சிலர், என் பக்கம் சிலர். பொழுது சாயும்வரை கதை போயிற்று. கை உயர்த்தி வாக்கெடுத்தால் தலைவரின் முகத்துக்காகச் சிலர் கை தூக்குவார்கள் என்று சொல்லி, துண்டுக் கடதாசியில் எழுதிப் போடச் சொன்னவர் நீங்கள்தான். எண்ணுவதற்கு என் பக்கத்து ஆள் ஒருவரையும் கூப்பிட்டு வைத்தீர்கள். மற்றச் சங்கங்களிலும் அதே நாட்களில் இப்படியே நடந்தது. எல்லாக் கரைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, வேண்டாம் என்பதுதான் வென்றது. எங்கள் மண்டபத்தில் அது பெரிய வித்தியாசத்தில் வென்றது.

முடிவு வாசித்ததும் நீங்கள் கதிரையிலிருந்து எழும்பி, "சரி. இனி இதுதான் என்ர முடிவும்" என்றீர்கள். கைதட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் வீட்டுக்கு வந்து படுத்தால் நித்திரை வருமா? வென்றவள் நான். ஆனாலும் உங்களை ஊருக்கு முன்னால் தோற்கடித்துவிட்டேனே என்று புரண்டு புரண்டு படுத்தேன். இனி நீங்கள் தலைமையை விட்டுவிடுவீர்கள், அல்லது அக்கரைக்கு வேறு யாரையாவது அனுப்புவீர்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நீங்கள் என் வாடிக்கு வந்தீர்கள். நான் மீனைக் கீறி உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தீர்கள். என் வாழ்க்கையில் நான் மறக்காத சொல் ஒன்றை அன்றைக்குத்தான் சொன்னீர்கள்.

"தங்கச்சி, நேற்றுச் சொன்ன காரணங்களை எனக்கு இன்னொருக்கால் ஆறுதலா, நிதானமாச் சொல்லு. நான் அங்க போய்ப் பிழையாச் சொல்லக் கூடாது."

நான் சொன்னேன். நீங்கள் இடையில் மறுத்துப் பேசவே இல்லை. விளங்காத இடத்தில் மட்டும் கேள்வி கேட்டீர்கள். அக்கரைக்காரர் இப்படித் திருப்பிக் கேட்டால் நான் என்ன சொல்ல என்று கேட்டீர்கள். நான் சொன்ன ஒரு பதில் பலவீனமாக இருந்தபோது, அதைவிட வலுவான ஒன்றை நீங்களே எடுத்துத் தந்தீர்கள். உங்களைத் தோற்கடித்த வாதத்துக்கு நீங்களே சாணை பிடித்தீர்கள். மதியம் வரைக்கும் இருந்துவிட்டு, கருவாட்டுச் சம்பலோடு சோறு தின்றுவிட்டுப் போனீர்கள்.

நீங்கள் இரண்டாம் முறை அக்கரை போனதை நசீர் நானா பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். மண்டபத்தில் நீங்கள் எழுந்து, எங்கள் கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்றீர்கள். பிறகு ஏன் என்று விளங்கப்படுத்தினீர்கள். வேண்டாம் என்று வாக்களித்தவர்கள்கூட அவ்வளவு வடிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பார் நானா. மரியதாஸுக்குச் சினம். தன் ஆட்களைச் சம்மதிக்க வைக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீங்க தனிப்பட்ட முறையில என்ன நெனைக்கிறீங்க? அத மட்டும் சொல்லுங்க" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"என்ர நினைப்பை நான் என்ர ஊரில சொல்லி, அங்கயே தோத்திட்டன் அண்ணை. இஞ்ச நான் கொண்டுவந்தது கரையின்ர சொல்லு."

அன்றைக்குப் பேச்சு முறிந்தது. அறிவிக்க இருந்ததை அரசாங்கங்கள் அறிவிக்க முடியவில்லை. உங்களுக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை, அண்ணா. கிடைத்த சமாதானத்தைக் கெடுத்தவர் என்று எழுதினார்கள். யாரோ ஒருவருடைய கையாள் என்றார்கள். எங்கள் கரையிலேயே, ஏற்கலாம் என்று வாக்களித்தவர்கள் உங்களிடம் முகம் கொடுக்காமல் திரிந்தார்கள். நீங்களும் அவர்களைப் போல வாக்களித்தவர் என்பதை ஒரு பத்திரிகைக்காரருக்குக்கூட நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பழி எங்கள் மேல் விழுந்திருக்கும். எனக்குத் தெரியும்.

பேச்சு முறிந்த மண்டபத்திலிருந்து நீங்கள் வெளியே வந்தபோது வாசலில் பெண்கள் நின்றார்களாம். இங்கே சிறையில் இருந்த அக்கரை மீனவர்களின் மனைவிமார். எல்லை தாண்டிய வழக்கில் உங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று அவர்களுக்கு நேராகவே சொன்னீர்கள். ஆனால் போய்ப் பார்ப்பேன் என்றீர்கள். ஊருக்கு வந்ததும் என்னையும் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நான் விருப்பமில்லாமல்தான் வந்தேன். ஒட்டுசுட்டானில் யானை வீதியை மறித்து நிற்க, பஸ் நெடுநேரம் நின்றது. அவ்வளவு நேரமும் நான் உங்களை ஏசிக்கொண்டே வந்தேன். என் வலையை இழுத்தவனுக்குச் சவர்க்காரமும் துவாயும் கொண்டுபோகிற ஒரே முட்டாள்கள் நாங்கள்தான் என்றேன்.

அங்கே ஒரு நடுத்தர வயதுக்காரர் எங்களோடு கதைத்தார். படகு தன்னுடையதில்லை, தான் கூலிக்கு ஏறியவன், எங்கே விடவேண்டும் என்று சொல்பவர் கரையில் இருக்கிறார் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க வலையா இருந்தா மன்னிச்சிருங்கம்மா" என்றார். கொண்டுபோன சவர்க்காரத்தையும் துவாயையும் அவர் கையில் வைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்களை நான் ஏசவில்லை. ஆனால் என் வாக்கையும் மாற்றிக்கொள்ளவில்லை. அதை நீங்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்குமாக அண்ணி உங்களோடு அலைந்தா. இரத்தம் சுத்திகரித்துவிட்டு வந்து, முகம் வீங்கியபடியே சங்கக் கூட்டத்துக்கு வருவீர்கள். பேச்சு முறிந்தபின் எல்லாரும் கைவிட்ட ஒரு வேலையை நீங்கள் மட்டும் விடவில்லை. மரியதாஸுக்குப் போன் எடுப்பீர்கள். காற்று எப்படி, பிள்ளைகள் எப்படி, மீன் என்ன படுகிறது. சில நாள் கடுமையாகச் சண்டை போடுவீர்கள். மறுகிழமை திரும்பவும் எடுப்பீர்கள். நீங்கள் போனபோது அவருக்குச் செய்தி சொன்னவர் நசீர் நானா. அடுத்த முறை பேச நான் யாரைக் கூப்பிடுவது என்று மரியதாஸ் கேட்டாராம்.

அண்ணா, இப்போது அந்தச் செய்திக்கு வருகிறேன். ஊர் என்னைத் தலைவியாகத் தெரிவு செய்தது. உங்களை எதிர்த்துப் பேசியவள் என்பதாலா, உங்கள் தங்கச்சி என்பதாலா என்று கேட்டால், வாக்களித்தவர்களுக்கே சரியாகத் தெரியாது போலிருக்கிறது. மறுபடி பேச்சுவார்த்தை என்று அறிவித்தபோது நான் போனேன். விமானத்தில் ஏறி இருக்கையின் கையைப் பிடித்துக்கொண்டேன். நானா எனக்கு இஞ்சித் துண்டு தந்தார்.

எங்களோடு வெளிவிவகார அமைச்சிலிருந்து நிலூஷா என்று ஓர் இளம் அதிகாரி வந்தா. சிங்களப் பிள்ளை. தமிழ் படித்துக்கொண்டிருக்கிறா. முதல் நாள் அவவோடு எனக்கு ஒரு தயக்கம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பிள்ளை விஷயம் நன்றாகத் தெரிந்த ஆள். சர்வதேசச் சட்டம், பழைய ஒப்பந்தங்கள், இரண்டு நாட்டு அரசியல், எல்லாவற்றையும் எங்களுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினா. உங்களைப் பற்றியும் அவ ஒன்று சொன்னா. அந்த முறை நீங்கள் வேண்டாம் என்று வந்தபோது அமைச்சில் பலருக்குக் கோபமாம். ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு மேசையிலும், எங்கள் மக்கள் இதை ஏற்கமாட்டார்கள், வாக்கெடுத்துப் பார்த்துவிட்டோம் என்று தங்களால் சொல்ல முடிந்ததாம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நல்ல யோசனை வரைக்கும் தாங்கள் வந்து சேர்ந்ததாகச் சொன்னா. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினா.

இம்முறை எங்கள் கடலில் இழுக்கும் நாட்கள் என்ற பேச்சே இல்லை. மீன் இனம் பெருகும் மாதங்களில் இரண்டு கரையும் ஒன்றாக ஓய்வது. எல்லை தாண்டும் இழுவைப் படகை முதலில் அவர்களுடைய சங்கமே விசாரித்துத் தொழிலிலிருந்து நிறுத்தி வைப்பது. இரண்டு சங்கங்களுக்கும் இடையில் எந்நேரமும் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி. ஒரு தவணைக்குள் ஆழ்கடலுக்கு மாறுகிறவர்களுக்கு அவர்கள் அரசு உதவுவது. இவ்வளவும் அக்கரையே கொண்டுவந்தது.

மரியதாஸ் எல்லாருக்கும் முன்னால் எழுந்து பேசினார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"இந்தம்மாவோட அண்ணன் அன்னிக்கு எங்க முகத்துக்கு நேரா சரின்னு சொல்லிட்டு, ஊர்ல போய் பேச்சு மாறியிருக்கலாம். செய்யல. இல்லன்னு வந்து சொன்னாரு. அதனால இந்தக் கரை சரின்னு சொன்னா அது சரிதான்னு எங்க ஆளுங்ககிட்ட நான் தைரியமா சொல்லலாம்."

மண்டபத்தில் அதிகாரிகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நசீர் நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், அண்ணா. அவ்வளவு நிமிர்ந்து நான் என் கல்யாணத்துக்கும் உட்காரவில்லை.

நாங்கள் அந்த யோசனையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தோம். கரை கரையாகக் கூட்டம் வைத்தோம். இந்த முறை நான் ஏற்கலாம் என்றேன். எல்லாரும் இணங்கவில்லை. வலை போன ஒரு விதவைப் பெண் எழும்பி, நீங்கள் தலைவியானதும் மெத்தென்று போய்விட்டீர்கள் அக்கா என்று என் முகத்துக்கே சொன்னா. சுட்டது. பதில் சொல்லிப் பார்த்தேன். அவ அசையவில்லை. துண்டுக் கடதாசியில் எழுதிப் போட்டோம். இம்முறை ஓம் வென்றது.

ஆனால் தோற்றவர்களுடைய பயம் பொய்யில்லையே. நானும் ஒருகாலம் அந்தப் பக்கத்தில் நின்றவள்தானே. மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், அவவுடைய காரணங்களைக் கேட்டேன். எங்கள் கரையில் இப்படி நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள், தவணை மீறினால் நாங்கள் எழும்பிப் போய்விடுவோம் என்று நாங்கள் எழுதிய பதிலில் சேர்த்தோம். நிலூஷா அதை ஆங்கிலத்தில் ஆக்கி, அரசாங்கங்களின் பத்திரத்திலும் இடம்பெறச் செய்தா. அவவுடைய மேலதிகாரிகளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம். ஆனால் இருக்கிறது. நான் பார்த்தேன்.

எல்லாம் சுகமாய் முடிந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சொல்லவும் மாட்டேன். இழுவைப் படகுகள் குறைந்திருக்கின்றன, நின்றுவிடவில்லை. அங்கேயும் படகு முதலாளிமார் முறுகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் இரண்டு பக்கமும் பழைய பேச்சைத் திரும்பவும் பேசும். ஆனால் போன மாதம் ஒரு விடியலில் குகன் கடலிலிருந்து எனக்குப் போன் எடுத்தான். இழுவைப் படகுகள் சில உள்ளே வருகின்றன, படகின் இலக்கம் தெரிகிறது என்றான். நான் மரியதாஸுக்கு எடுத்தேன். அவர் படகுக்காரருக்கு எடுத்தார். கொஞ்ச நேரத்தில் குகன் திரும்பவும் எடுத்தான்.

"அம்மா, திருப்பிக்கொண்டு போறாங்கள்" என்றான்.

கடற்படை வரவில்லை. ஒருவரும் சுடவில்லை, ஒருவரும் சிறைக்குப் போகவில்லை, வலையில் ஒரு கண்ணும் அறவில்லை. நான் வாடி வாசலில் நின்றபடி உங்களைத்தான் முதலில் தேடினேன். சொல்ல ஆளில்லை. பிறகு அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவ அடுப்படியில் இருந்தபடியே, "இதைப் பார்க்கத்தானே அந்த மனுசன் வீங்கின காலோட திரிஞ்சது" என்றா. இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். பிறகு சிரித்தோம்.

பெரிய நாடுகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று வானொலியில் ஒவ்வொருவரும் விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் படிப்பு இல்லை. இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஒரு சொல் நம்பப்பட்டதை நான் கண்ணால் கண்டேன். அந்தச் சொல்லைத் தன் விருப்பத்துக்கு எதிராகச் சுமந்துகொண்டு போனவர் என் அண்ணா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அது எனக்குப் போதும். இதை நான் பெருமையோடுதான் எழுதுகிறேன், பாருங்கள்.

வருகிற கிழமை அக்கரைக்காரர் முதன்முறையாக எங்கள் ஊருக்கு வருகிறார்கள். அவர்களோடு பெண்களும் வருகிறார்கள். அன்றைக்கு மண்டப வாசலில் உங்களுக்காகக் காத்து நின்றவர்களில் சிலரும் இருப்பார்கள் என்று மரியதாஸ் சொன்னார். பொதுநோக்கு மண்டபத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள். சமையல் என் பொறுப்பு. தவணையைப் பற்றிக் கடுமையாகத்தான் பேசப் போகிறோம். பேசிவிட்டுச் சோறு போடுவோம்.

அண்ணா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் இந்தக் கதிரையில் இருக்கும்வரைக்கும், என் விருப்பத்தைக் கரையின் சொல் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். கரை நாளைக்கு என்னைத் தோற்கடித்தால், தோற்கடித்தவர்களுடைய வாசலுக்குப் போய், காரணத்தை ஆறுதலாகக் கேட்டு, அதைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

உங்களை எதிர்த்து வாக்களித்த,
உங்கள் ஒரே தங்கச்சி,
பவளம்